வலைக்கு முன்னால் மூன்று நொண்டி

கிள்ளை
18.2.2010

அன்பு மகள் ப்ரீத்திக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம், என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. தை மாசம் சிதம்பரம் மண்டபத்தில் உன் நாட்டியம் பார்க்க வந்தபோது முதலில் ஆடின பெண்ணை நீ என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினேன், அம்மா தொடையில் கிள்ளி, அது நம்ம பொண்ணு இல்லிங்க என்றாள். மேக்கப் போட்டால் எல்லாருக்கும் ஒரே முகம், நான் என்ன செய்ய. பாரிஸில் குளிர் ஜாஸ்தியாமே, காதை மூடிக்கொண்டு போ. அம்மா நெத்திலிக் கருவாடு அனுப்பச் சொல்கிறாள், வழியில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நான்தான் தடுத்தேன். எனக்கு எதிலும் சந்தேகம், உனக்குத் தெரியும். ஐப்பசியில் நீ அனுப்பியதாகக் கேமராவோடு வந்தாரே வினோத்குமார், அவர்மேலும் நம்பிக்கை வரவில்லை. வலை வீசிக் காட்டுங்க, நம்ம பாரம்பரியம் என்றார். ஒரு மீன் வாங்காத மனுஷனுக்கு என் முழங்கை எப்படித் திரும்பினால் என்ன. சுனாமிக்கு அப்புறம் வந்த ஆபீசர்களும் இப்படித்தான் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள், அடுத்த மாசமே கரையை விட்டு வீட்டை நகர்த்து என்று தாள் வந்தது. உன் சுப்புராயன் மாமாவும், நெசத்தக் காட்டாத, மச்சான், நாளைக்கு நம்ம தொழிலயே எழுதி வாங்கிக்கினு போயிடுவான் என்றான். ஆகவே வலையை நெற்றியில் வைத்து, ஒற்றைக்காலில் மூன்று நொண்டி அடித்து, கோணலாக வீசினேன். அவர் அதையே நாலு தடவை எடுத்தார்.

மண்டபத்தில் நீ, அவர் எடுத்த படத்தைப் பார்த்துப் பழகி, அதே மூன்று நொண்டியை அடித்தாய். கடலைக் கும்பிட்டு வலை வீசும் எங்கள் முறை, அப்பாவிடமிருந்து வந்தது என்று மைக்கில் சொன்னாய். எல்லாரும் எழுந்து தட்டினார்கள், சுப்புராயன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினான், நான் அவன் காலை மிதித்தேன். வாசலில், சரியா செஞ்சனாப்பா என்று கேட்டாய், தலையை ஆட்டிவிட்டேன். சித்திரையில் அங்கே பெரிய மேடையில் இதையே ஆடப்போவதாகப் போனில் சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை. நம்ம பக்கத்து ஆள் ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் உன்னைப் பொய்க்காரி என்பான். அந்த நொண்டியை எடுத்துவிடு மகளே. அது முறையும் இல்லை, ஒன்றும் இல்லை, உங்கப்பன் கேமராவுக்குக் கட்டியது. வலை விளிம்பைப் பல்லில் கடித்து, இடுப்பைத் திருப்பி வீசுவோம், அவ்வளவுதான். கும்பிட்டுக்கொண்டு நின்றால் மீன் நிற்காது.

மாரியாத்தா உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருப்பாள். வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தை வினோத்குமாரிடம் காட்டாதே, இதையும் படம் பிடிப்பார். அன்றைக்கு மண்டபத்து வாசலில் வாய்வரை வந்து நின்றது இதுதான்: மீன் வாடை உன்மேல் படக்கூடாது என்று எட்டு வயதில் ஹாஸ்டலில் விட்டவன் நான். ஆனாலும் ஆளை அனுப்பாமல் நீயே வந்து கேட்டிருந்தால், வலையை உன் கையிலேயே கொடுத்திருப்பேன்.

இப்படிக்கு உன் அப்பா,
கலியமூர்த்தி