தேசிமரத்தின் அடியில் இருந்தது என்னுடையது

அன்புக்குரிய ஹனிபா காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் உயிரோடு இருந்த கடைசி ஐந்து வருடம் உங்களுக்கு ஸலாம் சொல்லாதவன் நான். இப்போது நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடியைக் கடக்கும்போதெல்லாம் சொல்கிறேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டீர்கள் என்பதால் இலகுவாக இருக்கிறது.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நான் மறைத்ததை ஊரும் கேட்கட்டும்.

முதலில் என் கோபங்களைச் சொல்லிவிடுகிறேன். மௌத்தானவரைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்பார்கள். நான் அவ்வளவு நல்லவன் அல்ல.

ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் நாம். மூத்தவளை நீங்கள், இளையவளை நான். மாமி தன் வளவை இரண்டாக்கி, ரோட்டுப் பக்கத்து வீட்டை உங்கள் மனைவி ஜெஸீமா மதினிக்கும் பின்வீட்டை என் மனைவி ஃபரீதாவுக்கும் எழுதினார். இருபத்தாறு வருடமாக உங்கள் வாசலைச் சுற்றி, குறுகிய ஒழுங்கையால்தான் என் வீட்டுக்குப் போகிறேன். நான் பட்டதாரி, கணித ஆசிரியர். நீங்கள் எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். ஆனால் கலியாண வீட்டில் முதல் சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார உங்களைத்தான் கூப்பிடுவார்கள். "விதானையார், இஞ்சால வாங்க!" என்னிடம், "மாஸ்டர், நீங்க அங்கால பிள்ளைகளோட இரிங்களேன்" என்பார்கள். நீங்கள் ஒரு நாளாவது நகர்ந்து எனக்கு இடம் தந்தீர்களா?

மாவடிப்பள்ளி வயல்களுக்கு நீங்கள் வட்டை விதானை. வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று தீர்க்கிறவர். "வரம்பில நடக்கத் தெரியாதவனுக்கு என்னத்துக்கு மாஸ்டர் கணக்கு?" என்று சபையில் கேட்டுச் சிரிப்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் மறக்க முடியவில்லை.

பிறகு, ஏழு வருடத்துக்கு முன், அந்தப் போகம் வந்தது. தண்ணீர் திறந்தார்கள், நீங்கள் போகவில்லை.

வயற்காரர்கள் வந்து கேற்றில் நின்றார்கள். "விதானையார் இல்லையா?" ஜெஸீமா மதினி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னார். நீங்கள் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையில் குசினிச் சுவரைப் பார்த்தபடி இருந்தீர்கள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தீர்கள். விடிய ஸுபஹுக்கு எழும்பினால் மதியம் லுஹர் வரை முகம் கழுவவில்லை.

எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, காக்கா. ஏனென்றால் அதற்கு நான்கு வருடத்துக்கு முன் அதே போல நானும் இருந்தேன். ஒரு வித்தியாசம்: நான் கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டேன். மாஸ்டர் வாசிக்கிறார் என்று எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள். பக்கம் திரும்புகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு நாள் வகுப்பில் கரும்பலகை முன் நின்று, பாதிக் கணக்கில், கை எழும்பாமல் நின்றேன். அடுத்த நாள் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனேன். கல்முனையில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள். அங்கே ஒரு டொக்டர் அரை மணித்தியாலம் பொறுமையாகக் கேட்டார். "இது வருத்தம், ஒரு நோய்; பலவீனமில்லை" என்றார். கதைக்கச் சொன்னார், குளிசையும் தந்தார். சில மாதத்தில் சோறு சோறாக ருசித்தது. மாதாமாதம் போனேன். ஃபரீதாவிடம், விடைத்தாள் திருத்தப் போகிறேன் என்றேன். வெறும் குளிசை அட்டைகளை அவள் கண்ணில் படாமல் ஒரு சொப்பிங் பேக்கில் கட்டி, நம் இரண்டு வீட்டுக்கும் இடையில் நின்ற தேசிமரத்தின், அந்த எலுமிச்சையின், அடியில் புதைத்து வந்தேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும்.

உங்களுக்கு யாரோ செய்வினை செய்துவிட்டதாக மதினி நம்பினார். ஓதிப் பார்க்கவென்று வெளியூரிலிருந்து ஒரு லெப்பையைக் கூட்டி வந்தார். ஓதுவதை நான் பழிக்கவில்லை; நானும் ஓதுகிறவன்தான். ஆனால் அந்த ஆள் ஓத வரவில்லை. வளவைச் சுற்றி நடந்துவிட்டு, "வெளியால தேட வேணாம். இந்த வளவுக்குள்ளதான் இரிக்கி. படிச்ச கை" என்றார். மண்வெட்டி தேசிமரத்தடிக்கு வந்தது. பேக் வெளியே வந்தது. கிழித்தபோது வெள்ளி அட்டைகள் மண்ணில் கொட்டின.

"யா ரப்பே! இவங்கட வீட்டு ஆணத்தில குளிசையைக் கரைச்சிக் குடுத்திரிக்காங்களே!" என்று மதினி கத்தினார். என் மனைவி அதுவரை அனுப்பிய கறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணத் தொடங்கினார்.

பல நாளுக்குப் பிறகு நீங்கள் கதிரையை விட்டு எழும்பி வந்தீர்கள். ஓர் அட்டையைக் கையில் எடுத்தீர்கள். "மாஸ்டர், இது உங்கடயா?"

நீங்கள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அறியத்தான் கேட்டீர்கள். நான் "ஓம்" என்று சொல்லியிருந்தால் போதும். ஓம் காக்கா, என்னுடையது, நான் குடிக்கிறது, உங்களுக்கும் இந்த வருத்தம்தான், வாங்க போவோம்.

"எனக்கென்ன தெரியும்? ஆராவது குப்பை போட்டிருப்பாங்க" என்றேன்.

சூனியக்காரன் என்ற பெயரை என்னால் சுமக்க முடிந்தது. மன வருத்தக்காரன் என்ற பெயரைச் சுமக்க முடியவில்லை. படித்தவனின் கணக்கு இது.

அடுத்த வாரம் நீங்கள் மதில் கட்டினீர்கள். என்னைச் சந்தேகப்பட்டதற்காக நான் உங்களை வெறுத்தேன். அந்த வெறுப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது. மதிலுக்கு அப்பால் நீங்கள் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பதை விட்டீர்கள். காலில் வந்த புண்ணைக் கழுவக்கூட விடவில்லை. "இருந்தா என்ன, போனா என்ன" என்று நீங்கள் சொல்வது மதிலைத் தாண்டிக் கேட்டது. சீனியால் மௌத் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜனாஸாத் தொழுகையில் நான் கடைசி வரிசையில் நின்றேன். எனக்கு மட்டும் வேறு காரணம் தெரிந்திருந்தது.

இப்போது செய்தி. உங்கள் மகன் ரிஸ்வான் கட்டாரிலிருந்து வந்துவிட்டான். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தான். பிறகு வேலைக்கும் போகவில்லை, பெண்சாதி பிள்ளையோடும் கதைக்கவில்லை. "வாப்பாட வருத்தம் இவருக்கும் வந்திட்டுது" என்று பயந்து, அவன் பெண்சாதி அவனை மதினியிடம் கொண்டுவந்து விட்டாள். அதே சிவப்புக் கதிரை. அதே சுவர். போன மாதம், ஒரு அஸருக்குப் பிறகு, அதே லெப்பையும் மண்வெட்டியும் வந்திறங்குவதை மாடி ஜன்னலால் பார்த்தேன்.

இந்த வருடத்து வெறும் குளிசை அட்டைகளையும் மருந்து எழுதும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்தேன். உங்கள் கேற்றைத் திறந்து உள்ளே போனேன்.

"தோண்ட வேணாம். நானே கொண்டந்திரிக்கன்" என்று மேசையில் கொட்டினேன்.

லெப்பைக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! தானா வந்து ஒப்புக்கொள்றார்!"

"ஓம், ஒப்புக்கொள்றன். அண்டைக்குக் கிண்டி எடுத்ததும் என்டதான். அதுல ஒண்டும் காக்காட வாய்க்குள்ள போகல்ல. எல்லாம் என்ட வாய்க்குள்ள போனது."

மதினி கொப்பியைத் தொடவில்லை. "உங்களுக்கு என்ன வருத்தம்?"

"மனசு வருத்தம், மதினி. காக்காக்கு இருந்ததுதான்."

ரிஸ்வான் சுவரிலிருந்து திரும்பினான். "எத்தின வருசம், சாச்சா?"

"பதினொண்டு."

அவன் மனதுக்குள் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. "அப்ப, வாப்பா உங்களிட்ட கேட்ட நேரம்…"

"ஓம் மகன்."

"வாப்பாக்கும் இதுதான் எண்டு தெரியுமா?"

"தெரியும்."

எழும்பி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "நீங்க சூனியம் செஞ்சிரிந்தாலும் பரவாயில்ல சாச்சா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். லெப்பை பிளேன்ரீயைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால், மதிலுக்கு இப்பால் நின்று எல்லாம் கேட்டுவிட்ட ஃபரீதா. "பதினொரு வருசம் விடைத்தாள் திருத்தினீங்க. ஒருத்தனாவது பாசானானா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து குளிசையும் தண்ணீரும் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன.

நான்கு நாள் உங்கள் வீட்டிலிருந்து சத்தமில்லை. அந்த நான்கு நாளும் நான் மதிலோரமே நின்றேன். ஒரு இருமல், ஒரு கதவுச் சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் ரிஸ்வான் ஒழுங்கையில் நின்றான். முகம் கழுவியிருந்தான்.

"கிளினிக்குக்கு வாறன். ஆனா மட்டக்களப்புக்கு இல்ல. இஞ்ச, கல்முனையில. நீங்களும் உங்கட கொப்பிய இஞ்ச மாத்தணும்."

"இஞ்ச எல்லாரும் நான் படிப்பிச்ச பிள்ளைகள், மகன்."

"அதான்" என்றான்.

உங்கள் மகன்தான், காக்கா. தண்ணீர் முறையைத் தீர்க்கிற அதே குரல்.

கிளினிக்கின் நீள வாங்கில் உட்கார இடம் கிடைத்தது. நம் ஊர் ஆட்கள் மூன்று பேர் என்னைக் கண்டதும் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். நம்பர் எழுதுகிற பையன், நினைத்தபடியே, என்னிடம் படித்தவன். பாசத்தில் உரத்துக் கேட்டான்: "சேர்! ஆருக்கு சேர் காட்ட வந்த?"

வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரிஸ்வான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பு நுனி வாசலை நோக்கித் திரும்பியிருந்தது. நான் பொய் சொன்னால் எழும்பிப் போய்விடுவான். அவனைக் காட்டிச் சொன்னாலும் போய்விடுவான். ஏழு வருடத்துக்கு முன் நீங்கள் கேட்ட அதே கேள்விதான் இது, இல்லையா?

"எனக்கு" என்றேன்.

பக்கத்திலிருந்து ரிஸ்வானின் குரல் வந்தது. "எனக்கும்."

அவன் சுகமாகிவிட்டான் என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். இன்னும் கதிரையில்தான் அதிகம் இருக்கிறான். ஆனால் கதிரை வாசலுக்கு வந்துவிட்டது. போன வாரம் தண்ணீர் திறந்தார்கள். அவன் போகவில்லை. "எத்தின மணிக்குத் திறந்த?" என்று மட்டும் கேட்டானாம். மதினி மதிலடியில் வந்து நின்று இதை எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஏழு வருடத்துக்குப் பிறகு அவர் தானாக வந்து என்னிடம் கதைத்தது அதுதான்.

இந்தக் கடிதத்தை ரிஸ்வானுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "என்னத்துக்கு?" என்றான். எங்கள் ஊரில் இன்னும் எத்தனை மரங்களின் அடியில் எத்தனை ஆண்கள் எதைப் புதைத்து வைத்திருக்கிறார்களோ?

சஹனில் இடம் தராத கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. குளிசை அதைத் தொடவில்லை. நான் மறைத்ததற்கு உங்களுக்கு இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது. அதை மறுமை நாளில், மஹ்ஷரில் வைத்துக் கேளுங்கள். அன்றைக்கு மறுக்க மாட்டேன்.

அதுவரை ஒரு வாக்கு. ரிஸ்வான் கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நான் இருப்பேன், என் கொப்பியோடு, என் நம்பரோடு. அவன் வர மறுக்கிற நாளில் நான் தனியாகப் போய் அதே வாங்கில் இருப்பேன், அவனுக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு.

இது என்னுடையது என்று சொல்ல ஏழு வருடம் எடுத்த
உங்கள் சகலன்,
பின்வீட்டு அன்சார்