கயிறு கட்டக் கேட்ட அரை மணி நேரம்

திருவண்ணாமலை,
11.9.2025

அன்புள்ள சந்திரம்மாள் அக்காவுக்கு,

மணிமொழி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் அதைக் கேட்கக் கை ஓடவில்லை. நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும், அதனால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். முதலில் நீங்கள் மட்டும் தனியாகப் படியுங்கள்.

போன மாதம் நீங்கள் போன் செய்தபோதே சொல்லியிருக்க வேண்டும். "வேல கெடச்சிச்சா மணி, ஒடம்ப பாத்துக்கிறியா" என்று என்னைப் பற்றியே விசாரித்தீர்கள். பிறகு தமிழ்செல்வி பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணை அடித்துவிட்டதையும், அன்றிலிருந்து பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்திருப்பதையும் சொன்னீர்கள். அந்தப் பெண் "உங்கப்பா குடிச்சிட்டுத்தான கடல்ல போய் வுழுந்தாரு" என்றாளாம். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டீர்கள்: "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு அவரு குடிச்சிருந்தாரா?"

நான் "தெரியலக்கா" என்றேன்.

எனக்குத் தெரியும் அக்கா. மண்ணாங்கட்டி அண்ணன் அன்று குடிக்கவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. விடியற்காலை உங்கள் வீட்டு வாசலில் என்னோடு நின்று நீங்கள் போட்டுக் கொடுத்த வரக்காபியைக் குடித்தார். அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் படப்பிடிப்பு ஆட்கள் லாட்ஜில் பீர் வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டபோதுகூட, "தமிழு தலையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டேன், அஞ்சி வருசம் ஆவுது" என்று சிரித்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அப்படியானால் போலீஸ் தாளில் எப்படி அது வந்தது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அன்று காலை நீங்கள் மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தீர்கள். அதனால் கரையில் நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. எங்கள் கம்பெனி ஆட்கள் சொன்னதுதான் தெரியும். நான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

நாங்கள் ஊர் ஊராகப் போய் எடுக்கும் டிவி நிகழ்ச்சியில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தொடக்கக் காட்சி உண்டு. உங்கள் ஊருக்கு டைரக்டர் மாறன் யோசித்தது இது. சூரியன் மேலே வரும் நேரத்தில் எங்கள் தொகுப்பாளினி இனியா கடலுக்கு முதுகு காட்டி நின்று பேசுவாள். அவளுக்குப் பின்னால் ஒரு மீனவர் அலையில் ஏறி இறங்கிக் கரைக்கு வருவார். அண்ணன் தன்னுடைய ஃபைபர் போட்டில் வருகிறேன் என்றார். மாறனுக்கு அது பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது, கட்டுமரம்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். தன் பழைய கட்டுமரம் தண்ணீரைப் பார்த்து வருஷக் கணக்கு ஆகிறது என்று அண்ணன் சொன்னார். அப்புறம் எங்களுக்காக அதைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, பழைய கயிற்றிலேயே கட்டித் தயார் செய்தார்.

அன்று எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். இனியா பெயர் கேட்டதும் அண்ணன், "என் பேரு மண்ணாங்கட்டிதான் மேடம். எனக்கு முன்னாடி மூணு கொழந்த பொறந்து தங்கல. நானாச்சும் தங்கணும்னு வெச்ச பேரு" என்றார். அவள் சிரித்துவிட்டு, கேமராவைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரே காட்சியை ஒவ்வொரு தடவை எடுப்பதையும் நாங்கள் டேக் என்போம். முதல் டேக்கில் இனியா வசனத்தை மறந்தாள். இரண்டாவது நன்றாக வந்தது, ஆனால் ஓரத்தில் ஒரு செவலை நாய் குறுக்கே ஓடிவிட்டது. மாறன் வேண்டாம் என்றார். மூன்றாவதில், மொஹ்சின் மேலே பறக்கவிட்டிருந்த ட்ரோன் கேமராவுக்குப் பாதியில் சார்ஜ் தீர்ந்துபோனது. ஒவ்வொரு டேக்குக்கும் அண்ணன் அலை உடையும் இடத்தைத் தாண்டி உள்ளே போய், திரும்பி வர வேண்டும். மூன்று தடவை போய் வந்தார். மூன்றாவது தடவை கரைக்கு வந்ததும் குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை வேண்டும் என்று மாறன் சொன்னதற்கு அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அப்போது மாறன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ போய்ச் சொல்லு. நீ சொன்னா கேப்பாரு" என்றார். அது நிஜம் என்று எனக்கும் தெரியும். படப்பிடிப்பு நடந்த ஐந்து நாளும் உங்கள் வீட்டில்தான் குளித்தேன், உங்கள் கையால்தான் சாப்பிட்டேன். அண்ணன் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

நான் போனேன்.

அண்ணன் என்னிடம் சொன்ன வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. "கயிறு ஊறி நழுவுது பாப்பா. அவுத்துட்டு இறுக்கிக் கட்டணும். ஒரு அர மணி நேரம் குடுங்க, அப்புறம் எத்தினி தபா வேணாலும் போறேன்."

நான், "அரை மணி நேரம் ஆனா வெயில் ஏறிடும்ணா, அப்புறம் இன்னிக்கி எடுக்கவே முடியாது. இந்த ஒரு வாட்டி மட்டும்" என்றேன்.

அவர் "செரி, நீ சொல்ற, போறேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டுமரத்தைத் தள்ளினார்.

திரும்பி வரும்போது, அலை உடையும் இடத்தில், கட்டு விட்டுவிட்டது. மரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகப் பிரிந்தன. அதில் ஒன்று அண்ணன் தலையில் மோதியதை நான் பார்த்தேன். இனியாவுக்கு ஒன்றும் தெரியாது, அவள் முதுகு அந்தப் பக்கம். உங்கள் ஊர் கடல் எவ்வளவு அமைதியானது என்று பேசிக்கொண்டே இருந்தாள். நான் கத்தினேன். மொஹ்சின் துணியோடு தண்ணீருக்குள் ஓடினான். உங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் நீந்திப் போனார்கள். கரைக்குக் கொண்டுவந்தபோதே மூச்சு இல்லை. அவர் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். நீங்கள் மீன் கூடையோடு ஓடி வந்தபோது பார்த்தீர்களே, அப்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். உங்கள் கையில் அழுதுகொண்டிருந்தவள்தான் அவரை அனுப்பியவள்.

அன்று மத்தியானம் கம்பெனி மேனேஜர் சென்னையிலிருந்து வந்தார். ஸ்டேஷனில் கொடுக்க ஒரு தாள் டைப் செய்து கொண்டுவந்திருந்தார். இறந்தவர்மேல் மது வாடை அடித்தது, நாங்கள் தடுத்தும் கேட்காமல் தானாகக் கடலில் இறங்கினார் என்று அதில் இருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் தயங்கினேன். "போகச் சொன்னது நீதான? கேஸுன்னு வந்தா மொத பேரு உன்னுதுதான். யோசிச்சிக்கோ" என்றார் மேனேஜர்.

யோசித்தேன் அக்கா. என்னைப் பற்றி மட்டும் யோசித்தேன். கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனை முடிவு வர மாதக் கணக்காகும் என்றார்கள். அதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்த முடிவுக்கு நான்தான் சாட்சி.

ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கெஸ்ட் ஹவுஸில் வருகிறவர்களுக்கு ரூம் சாவி கொடுக்கும் வேலை. பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். மனசு அமைதிக்காக வந்தோம் என்று என்னிடம் சொல்வார்கள். இங்கேயே இருக்கிறாயே, கொடுத்து வைத்தவள் என்பார்கள். நாலு நாளைக்கு முன்னால் பௌர்ணமிக்கு நானும் கூட்டத்தோடு மலையைச் சுற்றினேன். பதினான்கு கிலோமீட்டரும் வெறுங்காலோடு நடந்தேன். கால் கொப்பளித்ததுதான் மிச்சம். சாமியிடம் கேட்க ஒன்றும் இல்லை. மன்னிப்பு உங்களிடம் கேட்க வேண்டியது, அதையும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் நினைத்தேன். உங்கள் ஊர் நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது நான் பார்க்கவில்லை. ஜூலையில் ஒரு நாள், ரூம் எடுத்திருந்த கோயம்புத்தூர் அம்மா ஒருவர் சாப்பிடும் இடத்தில் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். இனியா குரல் கேட்டது. "எவ்ளோ அழகான ஊர் பாருங்க, இங்க எப்படிப் போறதுன்னு தெரியுமா" என்று போனை என் பக்கம் திருப்பினார். அண்ணன் அலைமேல் ஏறி வந்துகொண்டிருந்தார். ஓரத்தில் அந்தச் செவலை நாய் குறுக்கே ஓடியது.

அவர்கள் போட்டது இரண்டாவது டேக் அக்கா. வேண்டாம் என்று தள்ளியதையே போட்டிருக்கிறார்கள். மூன்றாவதும் தேவைப்படவில்லை, நான்காவதும் தேவைப்படவில்லை. அந்த அம்மாவுக்கு பஸ் நம்பர் சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. தமிழ்செல்வி பள்ளிக்குப் போகவில்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் என்னால் இருக்க முடியவில்லை.

மொஹ்சினைத் தேடிப் போனேன். அவனும் இந்த ஊர்தான், தேரடிப் பக்கம் வீடு. நான்காவது டேக் ட்ரோனில் பதிவாகியிருக்குமே என்று கேட்டேன். "கார்டை அன்னிக்கே கம்பெனி வாங்கிக்கிச்சு அக்கா. இருக்குதோ அழிச்சிட்டாங்களோ தெரியாது. என்ன இழுக்காதீங்க, எனக்கு ரெண்டு கொழந்தைங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவனைக் குறை சொல்ல நான் யார்?

கீழ்பென்னாத்தூர் போய் அப்பாவிடம் சொன்னேன். கல்லைக்கொடியில் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. கடைசியில், "போன உசுரு திரும்பாது. நீயா போயி ஏன் தலைய குடுக்கற? கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு" என்றார். எப்போதும் நான் கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவார், அன்று வரவில்லை.

உங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். "இத்தினி மாசம் எங்கம்மா போயிருந்த? கேஸ முடிச்சாச்சு. வேலைய விட்டு அனுப்புன கோவத்துல பேசறன்னு உங்க கம்பெனியில சொல்றாங்க" என்றார்கள். யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். அதைச் சொன்னேன். பரிசோதனை முடிவு என்ன ஆனது என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

நேற்று இங்கே கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீலிடம் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கினேன். ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். முதலில் கொடுத்தது பொய் என்று நானே எழுதிக் கொடுப்பதால் என்மேல் கேஸ் வரலாம் என்று வக்கீல் சொன்னார். வரட்டும். இதனால் கம்பெனிக்கு ஏதாவது ஆகும் என்று நீங்கள் நம்ப வேண்டாம். ஒரு தாள்தான், கூடப் பேச வேறு யாரும் இல்லை. உங்களுக்குப் பொய்யாக நம்பிக்கை கொடுக்கவும் எனக்கு மனசு இல்லை.

அந்தத் தாளின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

நீங்கள் என்னைத் திட்ட மாட்டீர்கள், அதுதான் பயமாக இருக்கிறது. தயவுசெய்து என்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு இந்த ஊரில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது. வரச் சொன்னால் வருகிறேன். வராதே என்றால் உங்கள் ஊர்ப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து கூடும் நாளில் இந்தத் தாளை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். தமிழ்செல்வியே வாசிக்கட்டும். அவள் அப்பா குடிக்கவில்லை என்பதை அவள் வாயாலேயே ஊர் கேட்கட்டும். அரை மணி நேரம் கேட்டும் கொடுக்காமல் அவரைக் கடலுக்கு அனுப்பியது யார் என்று எழுதியிருக்கும் இடம் வரும்போது, எனக்காகப் பாவம் பார்த்து அவள் குரலைத் தாழ்த்த வேண்டாம். என் பெயரை, என் அப்பா பெயரோடு, கடைசியில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்கட்டும். வாசித்து முடித்துவிட்டு, மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்.

அவள் நன்றாக இருக்க வேண்டும் அக்கா.

இப்படிக்கு,
அப்பாசாமி மகள் மணிமொழி