வெளிச்சம் விசாரிக்க வந்தவர்

மொன்றியல்,
நவம்பர் 2007

என் ஆசை மகன் ஜெராட்டுக்கு,

அம்மாவும் அப்பாவும் சுகம். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்கும் என்று எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். எழுத்துக்கூட்டியாவது வாசி. காந்தகாரில் குளிர் தொடங்கிவிட்டதா? மேல்வீட்டுத் திரேசம்மா மாமி பருத்தித்துறை வடை சுட்டுத் தந்தா. இதோடு அனுப்புகிறேன். உன்னோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

அப்பா இன்னும் உன் பெயரைச் சொல்லிக் கதைப்பதில்லை. ஊரில் ஆமிக்குப் பயந்து கனடாவுக்கு ஓடி வந்த குடும்பத்தில் ஒரு ஆமிக்காரனா என்ற கோபம். ஆனால் பிரெஞ்சுச் செய்தி விளங்காவிட்டாலும், அது முடியும்வரை தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார்.

நான் வேலை செய்யும் லொங்குய்ய் முதியோர் இல்லத்துக்கு முசியே லாவுவா என்றொரு பெரியவர் வந்திருக்கிறார். உன் படத்தைக் காட்டினேன். தானும் படையில் இருந்தவன், விமானப்படையில் என்றார். ஐம்பதுகளில் சனங்கள் வானத்தில் விளங்காத வெளிச்சம் கண்டதாக அறிவித்தால், வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதுவதுதான் அவருடைய வேலையாம். ரஷ்ய விமானமோ வேற்றுக்கிரகத்துக் கப்பலோ என்று அப்போது எல்லோருக்கும் பயம். பெரும்பாலும் அது பலூனாகவோ விடிவெள்ளியாகவோதான் இருக்குமாம்.

ஆற்றோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் அடிக்கடி அறிவிப்பாவாம். அவவின் ஒரே மகன் கொரியாச் சண்டையில் காணாமல் போனவன். அவ சொன்ன நேரத்தையும் திசையையும் கேட்டதுமே இவருக்கு விளங்கிவிட்டது. மனம் நோகாமல் எடுத்துச் சொன்னாராம். அதற்கு அவ, "அது விடிவெள்ளி எண்டு எனக்குத் தெரியும் தம்பி. மகனைப் பற்றிக் கேட்டு எழுதினால் ஒருத்தரும் வாறதில்லை. வெளிச்சம் கண்டனான் எண்டால் நீங்கள் வாறியள்" என்றாவாம். பிறகு மகனின் படத்தை எடுத்து வந்து, இவனைப் பற்றி உங்கள் ஆட்கள் ஏதாவது கதைத்தார்களா என்று கேட்டாவாம்.

இவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் கூப்பிட்ட நேரமெல்லாம் போனாராம். விடிவெள்ளி என்று எழுதினால் விசாரணை முடிந்துவிடும். அதனால் "என்னவென்று தெரியவில்லை" என்றே எழுதி வந்தாராம்.

மகன் வந்தானா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். தான் மாற்றலாகிப் போன பிறகு அந்தத் தாயிடம் யார் போனார்களோ தெரியாது என்று சொல்லி அழுதார். அவருடைய கண்ணைத் துடைத்துவிட எனக்குக் கை வரவில்லை. துணி வைக்கும் அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

போன செவ்வாய் காலை வீட்டு மணி அடித்தது. கதவுக் கண்ணாடியில் யூனிபோமும் தொப்பியும் தெரிந்தன. கெட்ட செய்தி என்றால் படையிலிருந்து யூனிபோமோடு வீட்டுக்கு வந்துதான் சொல்வார்களாம். யாழ்ப்பாணத்தில் ஆமி தட்டியபோதுகூட நானே போய்த் திறந்தேன். இந்த முறை நான் போகவில்லை. அப்பாதான் திறந்தார். மின்மானி பார்க்க வந்த பொடியன். அவன் போன பிறகு அப்பா கதவடியிலேயே குந்திவிட்டார். அங்கேயே இருந்தபடி, "ஜெராட்டை ஒருக்கா போன் எடுத்துக் கதைக்கச் சொல்லு" என்றார்.

எடுத்தால் முதலில் அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிக் கேள். அவர் ஒன்றும் கதைக்காமல் நின்றாலும் வைத்துவிடாதே.

மடு மாதா உன்னைக் காக்கட்டும். உன்னுடைய மாதிரி ஆமி உடுப்போடு வேறு யார் வந்தாலும் நான் கதவு திறக்க மாட்டேன், ராசா. நீயே வந்து மணியடி.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா, றோசலின்