பெயர் வெட்டிய மாத்திரைகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

உன் பார்சல் வந்து சேர்ந்தது. மாத்திரை ஒன்றுகூட உடையவில்லை. உன் மாப்பிள்ளை நலம். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை, இந்த முழங்கால்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றபடி ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்தால் எந்தக் கால்தான் சும்மா இருக்கும்?

இந்த நாட்டு வைத்தியத்தின் லட்சணத்தைக் கேள். கால் வலிக்கிறது என்றால் நேராக எலும்பு டாக்டரிடம் போய்விட முடியாது. எங்கள் தெருவுக்கென்று ஒரு டாக்டரை ஒதுக்கியிருக்கிறார்கள். அவர் மனசு வைத்துச் சீட்டு எழுதினால்தான் அடுத்த கதவு திறக்கும். அவரைப் பார்க்கவே மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் வலியே சலித்துப்போய் ஓடிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள் போல.

டாக்டர் என்று வந்தவர் கேன்வாஸ் ஷூவும் கசங்கின சட்டையுமாக இருந்தார். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. "வலி எதனால வருதுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று என்னையே கேட்கிறார்! அது தெரிந்தால் நான் ஏன் விரிப்பு மடிக்கிறேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேனா? கம்ப்யூட்டரைப் பார்த்துப் பத்து நிமிடம் தட்டிவிட்டு, காலை நீட்டி மடக்கும் படம் போட்ட காகிதம் ஒன்றைக் கொடுத்தார். போகும்போது நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டாள்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன். கால்வலிக்கு நீ அனுப்புவதை மருந்து என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடமாக வீட்டிலிருந்து வரும் சாமான்தானே அது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் பாப்பா


மார்ச் 15

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். சிரித்து மாளவில்லை. மருந்து வாங்க வந்த இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். "உங்களை அங்க அனுப்பிட்டா அந்த ஆளு கடையைச் சாத்திட்டுப் போயிடுவான்" என்றார் ஒருவர்.

படம் கொடுக்க டாக்டர் எதற்கு? இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆள் படியேறி வரும் விதத்திலேயே என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டரைக் கேட்டு வைத்தியம் பார்ப்பவனுக்கு அதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது?

இத்துடன் மூன்று மாதத்துக்கு மாத்திரை வைத்திருக்கிறேன். சுங்கத்தில் எவனாவது படித்துப் பார்த்துத் தொல்லை கொடுக்காமல் இருக்க, வழக்கம்போல அட்டையில் பெயர் இருக்கும் இடத்தை வெட்டிவிட்டேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வலி கூடினால் நடுவில் இன்னொன்று போட்டுக்கொள். அந்தப் படித்த முட்டாளிடம் இதைப்பற்றி மூச்சு விடாதே.

உன் அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். தாமதிக்காமல் படி.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்த டாக்டரே எனக்குப் போன் செய்தார். மூன்று வாரம் காக்க வைத்த மனிதர், அன்றைக்கே வரச் சொன்னார். என் சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லையாம். "ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை.

வீட்டிலிருந்ததை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். நர்ஸ் துண்டு துண்டான அட்டைகளை மேசையில் பரப்பித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயர் இல்லை, தேதி இல்லை.

"இதைக் குடுத்தவர் டாக்டரா?"

"எங்க சொந்த அண்ணன். மருந்துக்கடை வச்சிருக்காரு."

அவள் டாக்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு உடம்பு கூசிப்போயிற்று.

என்ன மாத்திரை என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியுமாம். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "கடையில கூட்டம், பாப்பா" என்று வைத்துவிட்டாய். பெயரை மட்டும் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

பாப்பா


ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

நீ பயந்த சுபாவம், அதை அவர்கள் கண்டுகொண்டார்கள். பயமுறுத்தாவிட்டால் ஆஸ்பத்திரி எப்படி ஓடும்? அது சாதாரண வலி மாத்திரை. ஊரே சாப்பிடுகிறது, ஊரே நடமாடுகிறது.

பெயரை எழுதிக் கொடுத்தால், சீட்டில்லாமல் எப்படி விற்றாய் என்று நாளைக்கே என் லைசென்ஸைக் கேட்பார்கள். என் பிழைப்பையும் கொஞ்சம் நினைத்துப் பார். வெளியாளிடம் கூடப்பிறந்தவனைக் காட்டிக் கொடுக்காதே. அவர்கள் தருவது எதையும் விழுங்காதே. வேறு மாத்திரை அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. பெயர் வரவில்லை.

மாத்திரையின் மேல் பொறித்திருந்த எழுத்தை வைத்து இங்குள்ள மருந்தாளுநரே கண்டுபிடித்துவிட்டார். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிடக் கூடாத வலி மாத்திரையாம். நிறுத்திவிட்டேன். போனது போனதுதான், மீதி இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். நீ புதிதாக அனுப்பியதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நேற்று வீட்டுக்குப் போன் செய்தேன். நீ கடையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் செய்தேன். உனக்கும் மூட்டுவலி ஆயிற்றே, நீ எந்த மாத்திரை போடுகிறாய் என்று அண்ணியிடம் கேட்டேன். பாவம், அவளுக்குச் சூது தெரியாது.

"அவரா? கடை மாத்திரையைக் கையால தொடமாட்டாரு. பெரிய ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டு, வரிசையில உக்காந்து காட்டிட்டு வர்றாரு. ரத்தமெல்லாம் மூணு மாசத்துக்கு ஒருதரம் தவறாம பாத்துடுவாரு."

நான் போனை வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அருவருப்புத்தான் வருகிறது.

இந்த டாக்டரையும் நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அதே ஷூ, அதே கசங்கின சட்டை, வாசலில் அதே சிடுமூஞ்சி வரவேற்புக்காரி. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வருகிறது.

நிலைமை முற்றினால் எனக்கு வேறு சிறுநீரகம் வைக்க வேண்டியிருக்கலாமாம். பொருந்துமா என்று முதலில் கூடப்பிறந்தவர்களைத்தான் பரிசோதிப்பார்களாம். எத்தனை பேர் என்று கேட்டார். எனக்கு யாரும் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.