நகச்சுத்து இல்லை

மார்ச் 4, செவ்வாய்

வலது கால் பெருவிரல் விண் விண் என்று தெறிக்கிறது. இன்று எத்தனை பேர் காலடியில் குந்தி ஷூ மாட்டிவிட்டேனோ, ஒவ்வொரு தடவை எழும்போதும் உயிர் போய்த் திரும்பி வந்தது. செருப்புக் கடைக்காரிக்குக் காலில் கோளாறு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், நானே சிரிக்கிறேன்.

எல்லாம் அந்தக் கூர்மூக்கு ஷூ செய்த வேலை. புது மாடல் வந்தால் விற்கிற பெண்களும் அதையே போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். "நீங்கதாம்மா நடமாடுற ஷோகேஸ்" என்பார் முதலாளி. ஷோகேசுக்கு விரல் கிடையாது சார்.

மார்ச் 6, வியாழன்

வீட்டுக்காரர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நகச்சுத்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் நகத்துக்கு எது வந்தாலும் அந்த ஒரு பெயர்தான். எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகினார். கைவிரலுக்குச் செய்கிற வைத்தியம் அது. பெருவிரல் நுழைந்ததும் பழம் பிளந்து சாறு புண்ணில் இறங்கியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள்.

"பழம் சின்னதாப் போச்சு" என்றார்.

"விரல் பெருசுன்னு சொல்ல வர்றீங்க. சொல்லிடுங்க, மனசுல வச்சுக்காதீங்க."

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி வந்தாள், எங்கள் சின்னவள். கடையிலும் என் பக்கத்தில்தான் நிற்கிறாள், லீவு நாளிலும் அக்கா வீடுதான். அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேலை கேட்டப்பகூட பிடிக்காத காலை இப்பப் பிடிக்கிறியேடி" என்றேன்.

"ஆட்டாதக்கா. ஓரத்த நோண்டி எடுத்துட்டா அப்புறம் குத்தாது."

நகவெட்டியை ஆழமாக விட்டு ஓரத்தைத் துண்டாக எடுத்தாள். உடனே சுகமாக இருந்தது. பொன்னான கை என்றேன்.

மாத முடிவில் மாடியில் பெண்கள் பகுதி திறக்கிறார்கள். அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள் போட வேண்டும். "மாடி உங்களுக்குத்தான்னு வச்சுக்கங்க" என்று முதலாளி போன மாதமே சொல்லிவிட்டார். மாடிக்குப் போய்விட்டால் இனி யார் காலடியிலும் குந்த வேண்டாம். நிமிர்ந்து நின்று, "அந்த மாடலைக் காட்டும்மா" என்று நாலு பேருக்குச் சொல்லலாம். எனக்கு அது போதும். அதுவரைக்கும் இந்த விரல் மானத்தை வாங்காமல் இருக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

வீங்கிவிட்டது. ஓரத்தில் சதை சிவந்து பொங்கி நகத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் சீழ்.

மார்ச் 12, புதன்

வேலை முடிந்து சின்னவள்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். கீழ் வீட்டு நர்ஸ் படிக்கட்டில் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இது நகச்சுத்து இல்லக்கா. நகம் சதைக்குள்ள வளருது. ஓரத்த யாரு நோண்டுனது?"

சின்னவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"நோண்டுனா அந்த முனை இன்னும் உள்ளதான் போகும். சர்க்கரை இருக்கா உங்களுக்கு?"

"நாக்குலகூட இல்லம்மா" என்று வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊற வைக்க வேண்டும். ஈரம் போகத் துடைத்து, பஞ்சை மெலிசாகத் திரித்து நக முனைக்கு அடியில் சொருக வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். நகத்தை வளரவிட்டு நேராக வெட்ட வேண்டும், வளைத்து வெட்டக் கூடாது. திறந்த செருப்புத்தான் போட வேண்டும். "சீழ் அதிகமானா, காய்ச்சல் வந்தா என்கிட்ட வராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க" என்றாள்.

"இது பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒட்டுமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"நகம் வளர்றது எப்படிம்மா ஒட்டும்?"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

மார்ச் 14, வெள்ளி

உப்புத் தண்ணீருக்கும் பஞ்சுக்கும் விரல் கேட்கிறது. ஆனால் கடையில் திறந்த செருப்புப் போட்டு நிற்க விடுவார்களா? வலது ஷூவின் ஓரத்தை பிளேடால் கீறிவிட்டேன், விரல் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று. உள்ளே வெள்ளையாகத் தெரிந்ததைச் சின்னவள்தான் கறுப்பு மையால் பூசினாள். "யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள். திருடப் போகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

மார்ச் 18, செவ்வாய்

வலி பாதியாகிவிட்டது. சீழ் இல்லை. நகம் தலையைத் தூக்குகிறது.

மார்ச் 20, வியாழன்

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மாடி விஷயம் என்று நினைத்துத் தலையைச் சரிபண்ணிக்கொண்டு போனேன்.

"ஷூவக் கழட்டும்மா."

கழற்றினேன். கீறலைப் பார்த்தார். ஷூவைக் கையில்கூட எடுக்கவில்லை.

"நகச்சுத்தாமே. வர்றவங்க காலத் தொடுற வேலை. நாளைக்கு ஒருத்தருக்கு ஒட்டிக்கிட்டா கடை பேரு என்னாகும்?"

"சார், இது நகச்சுத்து இல்ல. நகம் உள்ள வளருது, அவ்வளவுதான். ஒட்டாது."

"உன் தங்கச்சியே நகச்சுத்துன்னுதானம்மா சொல்லுச்சு."

கீறின ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டேன். குடோனில் பெட்டி அடுக்கச் சொல்லிவிட்டார். மாடிக்குச் சின்னவள்.

மார்ச் 21, வெள்ளி

வாய் தவறிச் சொல்லியிருப்பாளோ? எங்கள் வீட்டில் பிறந்தவள், அந்தச் சொல்தானே முதலில் வரும். சரி. ஆனால் ஒட்டுமா என்று நர்ஸிடம் கேட்டவள் அவள்தானே? பதிலையும் கேட்டாளே? கேட்டுச் சிரித்தாளே?

மார்ச் 23, ஞாயிறு

வந்தாள். கண் கலங்கியிருந்தது. அது நிஜம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

"உன் நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன். குடோன்ல உக்காந்துக்கலாம். செருப்பு கூட வேணாம். நீயா வாயத் திறந்து கேட்டிருக்க மாட்ட."

"நகச்சுத்துன்னு ஏன்டி சொன்ன?"

"அது... எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்."

"நர்ஸு என்ன சொன்னா?"

"காலக் காட்டு, பாக்கறேன்" என்று கையை நீட்டினாள். காலை இழுத்துக்கொண்டேன். என் தங்கச்சிகிட்டப் போயி, காலை இழுத்துக்கிட்டேன். எவ கையோ மாதிரி. ஏன் இப்படி ஆயிட்டேன்— இல்ல, நானா ஆனேன்?

வீட்டுக்காரர், "விடு, கூடப்பிறந்தவதானே" என்கிறார். அதுதானே வலிக்கிறது.

மார்ச் 31, திங்கள்

மாடி திறந்தாயிற்று. கைதட்டல் குடோன் வரைக்கும் கேட்டது. தட்டுகளில் இனிப்பு வந்தது. எடுக்கவில்லை. எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நகம் சதையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. நேற்று நேராக வெட்டிக்கொண்டேன், நானே. வலி சுத்தமாக இல்லை. நர்ஸ் பார்த்துவிட்டு, இனி எந்த ஷூ வேண்டுமானாலும் போடலாம், கூர்மூக்கு மட்டும் வேண்டாம் என்றாள். குடோனில் வெறுங்கால்தான்.

மத்தியானம் மாடியிலிருந்து இன்டர்காம். புது மாடல், கறுப்பு, உடனே வேண்டும் என்றாள் சின்னவள். பின்னால் யாரிடமோ "ஒரு நிமிஷம் மேடம்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கால் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டாள்.

"எந்த சைஸ் வேணும்?" என்றேன்.

"ஆறு" என்றாள்.

எடுத்து அனுப்பினேன்.