மேல்மண், கீழ்மண்

கீரனூர்,
8.6.1998

பல்லக்கா மலர்விழிக்கு,

நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், மண் இருக்கிறதே. லீவுக்கு வந்தும் நம் மொட்டைமாடியில் மண் அலசிக் காயவைத்த ஒரே ஆள் நீதான். கடைக்காரர் கண்ணுசாமி, "மண்ணு சலிக்கவா உங்கக்கா நாக்பூர் வரைக்கும் படிக்கப் போச்சு?" என்றார். "பல்லு கெடைச்சா பல்லக்குல வருவாங்க" என்றேன்.

நீ அலசிக் கட்டிக்கொண்டு போன மண் பைகள் இரண்டையும் பிரித்தாயா? உள்ளே ஒரு வேடிக்கை இருக்கிறது.

குறும்புடன்,
தர்ஷினி

நாக்பூர்,
18.6.1998

அன்புத் தர்ஷினி,

வேடிக்கை கிடைத்தது, குரங்கே. புளியங்கொட்டை. அதே பையில் கேழ்வரகு அளவில் ஒரு பல்லும் கிடைத்தது. பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் விலங்கின் பல்.

பல்லுக்கு வயது தெரியாது. அது கிடந்த மண்தான் சொல்லும். மேல்மண் டைனோசர்கள் அழிந்தபின் படிந்தது, கீழ்மண் அதற்கு முன்பு. பையில் இருந்த சீட்டு 'கீழ்' என்கிறது. அப்படியானால் இது டைனோசர்களோடு வாழ்ந்த பிராணி. ஜூலை முதல் தேதி பெரிய ஆய்வாளர்கள் முன் நான் பேசுகிறேன். அம்மாவிடம் சொல்.

மலர்

கீரனூர்,
26.6.1998

அக்கா,

புளியங்கொட்டை கண்துடைப்பு. நிஜ வேடிக்கை, இரண்டு பைகளின் சீட்டுகளையும் நான் மாற்றி வைத்தது. நீ நாக்பூருக்குக் கிளம்பிய காலையில் மனசு கேட்காமல் திருப்பி வைக்கப் போனேன். "அங்க என்ன பண்றே புள்ளே?" என்று அம்மா வந்தார். பயத்தில் சீட்டுகள் கைநழுவின. பார்க்காமலே திணித்தேன். எது எதில் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

உன் ஹாஸ்டலுக்கு மூன்று முறை போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. தபால் எட்டு நாளாம், நீ பேச இன்னும் ஐந்து நாள்தான். அதனால் தந்தியும் கொடுத்திருக்கிறேன்: 'சீட்டு கலைந்தது. பேசாதே.' நம்புவாயா?

தர்ஷினி

நாக்பூர்,
5.7.1998

தர்ஷினி,

உன் தந்தியை நம்பவில்லை. படித்துச் சிரித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். முதல் படம் திரையில் விழுந்தது. 'தந்திக்குக் காசு செலவு செய்தா விளையாடுவாள்?' என்று அப்போதுதான் தோன்றியது.

பல் உண்மை, மண் எதுவென்று தெரியவில்லை என்றேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பேராசிரியர் நிமிரவே இல்லை. சீட்டுகளைக் கலைத்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன்.

அடுத்த வருஷம் அந்த மண்ணை எடுத்த இடத்தைத் தோண்ட வேறொருவரை அனுப்புகிறார்கள்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கிற அன்று நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம். அம்மாவிடம், மலர் நன்றாகப் பேசினாள் என்று மட்டும் சொல்.

மலர்விழி