நூறிலிருந்து ஒன்று வரை ஒரு முடிவெட்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே அப்பா சுகம், உன் தங்கை தேவைக்கு மேல் சுகம், நானும் என் வலது மணிக்கட்டு நீங்கலாக சுகம். அங்கே நீ தலை முதல் கால் வரை ஒன்றும் நீங்கலாகாமல் நன்றாக இருக்கிறாய் என்று உடனே எழுது. கைக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே, நான் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற ஓட்டுநர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெரியவர், நான் மெதுவாக நிறுத்தச் சொன்னதும் வண்டியை ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிட்டார், என் கை முன்னால் போய் இடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல சின்னவள் எழுதுகிறாள். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். (சத்தியம் செய்தது உண்மைதான் அண்ணா. அடைப்புக்குறிக்குள் எழுதுவதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.)

நீ அனுப்பிய பத்திரிகையும் பென்டிரைவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. சாவதற்கு முன் கேட்டே தீர வேண்டிய நூறு இசை ஆல்பங்கள் என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டு மிரட்டியிருக்கிறீர்கள். கேட்காமல் செத்துப்போனால் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உன் வேலையைக் குறை சொல்வதாக நினைக்காதே, முப்பத்தெட்டாவது ஆல்பம் முப்பத்தொன்பதாவதை விட எவ்வளவு ஒசத்தி, அரை விரற்கடையா, ஒரு விரற்கடையா, எதை வைத்து அளந்தீர்கள் என்று படிக்கும்போதே எனக்குத் தலை சுற்றியது. நான் பெற்றது இரண்டே இரண்டு, அதில் எது முதல் இடம் என்று இன்றைக்கு வரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. (பிறந்த வரிசையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.) ஆனால் அப்பா என்னைப் போல இல்லை. அவர் எப்படி என்று உனக்குத்தான் தெரியுமே, வாயைத் திறந்து நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார், பட்டியல் தாளை மட்டும் பிரித்தெடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், சலூனைத் திறக்கப் போய்விட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் பட்டியல் கடைச் சுவரில் தொங்குகிறது, பென்டிரைவ் கடை ஸ்பீக்கரில் சொருகியிருக்கிறது.

வினையே நீ எழுதின முன்னுரையில்தான் இருந்தது. நூறில் தொடங்கி ஒன்று வரை, ஒன்றையும் தாண்டாமல், எதையும் பாதியில் நிறுத்தாமல் கேளுங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, மற்றவர்கள் அதை அலங்காரம் என்று விட்டிருப்பார்கள், உன் அப்பா மருந்துச் சீட்டு மாதிரி படித்திருக்கிறார். ஒரு தலைக்கு ஒரு ஆல்பம். ஆல்பம் முடிகிற வரைக்கும் கத்தரி நிற்காது, ஆல்பம் முடிந்தால் கத்தரியும் முடிந்தது. தொண்ணூற்றேழு ரொம்பச் சின்ன ஆல்பமாம், எலக்ட்ரீஷியன் இடது பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து வலது பக்கத்தைத் தொண்ணூற்றாறுக்கு முடித்துக்கொண்டார். தொண்ணூற்று நான்கு முழுக் கச்சேரியாம், காதோரம் லேசாகத் தட்டிவிடச் சொல்லி உட்கார்ந்த மருந்துக்கடைக்காரர் கடைசியில் கைதட்டல் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது தலையில் தட்ட ஒன்றுமே மிச்சமில்லை. பாட்டை நிறுத்திவிட்டு ஆளை அனுப்ப வேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு முடியாது என்றார். (முடியாது முடியாது என்று சொல்லியே ஒருத்தருக்கு முடியே இல்லாமல் பண்ணிவிட்டார்.)

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்திருப்போம், அதற்கப்புறம்தான் உண்மையான தலைவலி. கடைசியில் இருப்பது முதலில் ஓடுகிறது, நல்லது எல்லாம் பின்னால் வருகிறது என்று தெருவுக்கே தெரிந்துபோயிற்று. ஒவ்வொருத்தராக வாசலில் தலையை மட்டும் நீட்டி எத்தனையாவது ஓடுகிறது என்று கேட்பார்கள், அப்பா எழுபது என்பார், பத்துக்குள் வந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று நீட்டிய தலையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எழுபதாவது தரம் என்று அச்சடித்த பாட்டுக்கு யார் தலையைக் கொடுப்பார்கள் சொல். ஆள் வந்தால்தான் எண் இறங்கும், எண் இறங்கினால்தான் ஆள் வரும் என்று ஆகிவிட்டது. தெருவில் ஆளுக்கு ஆள் காடு வளர்க்க ஆரம்பித்தார்கள். வங்கி வாசலில் நிற்கிற காவலாளியின் தொப்பி தலையில் உட்காரவே மாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வா என்று பிள்ளைகளிடம் சொல்ல முடியாமல் தன் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு நடக்கிறார். அப்பா கடையில் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தைப் பக்கம் புதிதாகத் திறந்த சலூனுக்குப் பாதிப் பேர் போய்விட்டார்கள். இரண்டாவது நாற்காலியில் வேலை செய்கிறவர், இத்தனை வருடமாக நம் கூடவே இருக்கிற மனிதர், அந்தக் கடையில் ஆள் கேட்கிறார்கள் அண்ணி என்று என்னிடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சாப்பாட்டுக்கு வந்த அப்பாவைப் பிடித்து, ஒன்றாவதை முதலில் போடுங்கள், கூட்டம் அள்ளும் என்று சண்டை பிடித்தேன். சாப்பிட்டு முடித்து எழுந்தார். கை கழுவும்போது, "ராத்திரியெல்லாம் முழிச்சு அவன் போட்ட வரிசை. நாலு பேர் வரணும்னு நானே தாண்டிப் போனா, அப்புறம் அந்த வேலைக்கு எவன் மதிப்புக் கொடுப்பான்?" என்றார். உன்னிடம் ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கிறாரா? அதனால்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். இஷ்டத்துக்குப் போடுங்கள் அப்பா, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று நீ ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் அவர் விட்டுவிடுவார், கடையும் பிழைக்கும், அந்த மனிதரும் நம் கூடவே இருப்பார்.

இதுவரைக்கும் சொல்லிவிட்டுக் கட்டு மாற்றப் போய்விட்டேன், அப்புறம் உன் தங்கைக்குப் பரீட்சை வந்தது, கடிதம் மேசை மேலேயே கிடந்தது. அதற்குள் நடந்ததைக் கேள். எதிர்த் தெருத் தச்சரின் மகனுக்குக் கல்யாணம். அவனும் அவன் கூட்டாளிகளும் பத்துக்குள் வரட்டும் என்று காத்திருந்து காத்திருந்து தலையை விளக்குமாறு மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். விடிந்தால் கல்யாணம், இனிமேல் தாங்காது என்று மொத்தமாகக் கடைக்கு வந்து நின்றார்கள். அன்றைக்கு எண் அறுபத்தொன்று. மாப்பிள்ளை கெஞ்சியிருக்கிறான், எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கல்யாணம்தான், ஒன்றாவதைப் போடுங்கள் என்று. (பெண்ணுக்கு அவன் எத்தனையாவது இடம் என்று யாரும் கேட்கவில்லை.) அப்பா அறுபத்தொன்றைத்தான் அழுத்தினார். அது என்ன ஆல்பம் என்று உனக்குத் தெரிந்திருக்கும், லிஃப்ட் பழுது பார்க்கிற மூன்று பேர் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து பதிவு செய்ததாமே, பாட்டே கிடையாது, ஒருத்தன் விசிலடிக்கிறான், ஒருத்தன் கைப்பிடிக் கம்பியில் தாளம் போடுகிறான், மூன்றாவது ஆள் என்ன செய்கிறான் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அப்போதுதான் பயிற்சி வண்டியோடு அந்தப் பக்கம் போனேன், கடைக்குள் இருந்து வந்த சத்தத்தைக் கேட்டு என் கையை உடைத்த பெரியவரே வண்டியை முதல் தடவையாக நயமாக நிறுத்தினார். உள்ளே பார்த்தால் காத்திருக்கிற பையன்கள் விசில், இரண்டாவது நாற்காலிக்காரர் விசில், உன் அப்பா சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு விசில். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து விசில் வந்து நான் கேட்டதில்லை. முகமெல்லாம் சோப்பு நுரையோடு மாப்பிள்ளையும் உதட்டைக் குவித்து ஊதினான், நுரை பறந்து அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது, அவர் துடைக்கக்கூட இல்லை.

ஆல்பம் முடிந்தது, அடுத்தவன் ஏறி உட்கார்ந்தான். அப்பா பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு சுவரில் இருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதையே போடுங்கண்ணே" என்றான் அவன். காது இரண்டும் சிவந்துபோய், திருடுகிறவர் மாதிரி, அறுபத்தொன்றையே மறுபடி அழுத்தினார். அத்தனை தலையும் அதற்கே முடிந்தது. என்னைப் பார்த்து, "பெரியவன்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். அதனால்தான் சொல்கிறேன்.

கடையைப் பூட்டும் முன் பட்டியலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மீசைக்கு வைத்திருக்கிற மெல்லிய கத்தரியை எடுத்து முதலில் எண்களை எல்லாம் ஓரமாக நறுக்கிக் கீழே விட்டார், அப்புறம் வரி வரியாக வெட்டி ஒவ்வொரு ஆல்பத்தையும் ஒரு துண்டாக்கி நுரை கலக்குகிற பெரிய குவளைக்குள் போட்டார். எண்கள் முடியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டன. இப்போது வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு எடுப்பார், எது வருகிறதோ அதுதான், எத்தனையாவது என்று கேட்க ஆளும் இல்லை, சொல்ல எண்ணும் இல்லை. முடி வெட்டி முடிந்தால் ஆள் இறங்கலாம், மிச்சப் பாட்டு அடுத்தவருக்கு. வாசலில் பெஞ்சு பத்தவில்லை. மருந்துக்கடைக்காரர் வெட்ட ஒன்றும் இல்லாமலேயே துண்டு எடுக்க மட்டும் வந்து போகிறார். இரண்டாவது நாற்காலிக்காரர் உட்கார நேரமில்லாமல் நிற்கிறார், சந்தைப் பக்கத்துக் கடைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம். தொகுத்தவர் என்று உன் பெயர் அச்சான துண்டை மட்டும் அப்பா குவளையில் போடவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார், உட்காருகிறவர்கள் ஒவ்வொருத்தர் நெற்றி மேலும் உன் பெயர் தெரிகிறது. கேட்டால் கண்ணாடியில் கீறல், அதை மறைக்க ஒட்டினேன் என்கிறார். (கீறலே இல்லை அண்ணா. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டேன்.)

ஆகவே முதலில் கேட்ட அந்த ஒரு வரி இனி வேண்டாம். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், முடி வெட்டிக்கொள்ள வேண்டும், எப்போது வரட்டும் என்று மட்டும் அப்பாவுக்குத் தனியாக எழுது, அவருக்குப் புரியும். பட்டியலை வெட்டியது தெரிந்தால் நீ வருத்தப்படுவாயோ என்று உள்ளுக்குள் பயம் அவருக்கு. அடுத்தது ஐந்நூறு ஆல்பம், முதல் இடம் யாருக்கு என்று தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். முதல் இடம் உன் தூக்கத்துக்கு, இரண்டாவது சாப்பாட்டுக்கு, இதில் மட்டும் வரிசை மாறக் கூடாது. நீ நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நீடூழி இரு. ஒன்றை மறந்துவிடாதே, ஐந்நூறையும் அச்சடிக்கும்போது வரிக்கு வரி கொஞ்சம் இடம் விடச் சொல், அப்பாவின் கத்தரி போக வேண்டும்.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்துப் போடும் உன் அம்மா